கால்வேயா, கார்க்கா, டப்ளினா? பப் இசைக்காக அயர்லாந்து செல்வோருக்கு எந்த நகரம்?

பயணப்பை

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 27 தொடங்கி 9 இரவுகள் அயர்லாந்தில் தங்கத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் மனைவியும் 14 வயது மகளும் செல்கிறோம். கோட்டைகளும் கடற்பாறைகளும் எங்கள் முதன்மை நோக்கமல்ல. மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல், பப்பின் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கிறார்களே, அந்த இசையைக் கேட்க வேண்டும். உள்ளூர்க்காரர்களுடன் நாலு வார்த்தை பேச வேண்டும். மகள் 7 ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்று வருகிறாள். இந்த ஆசைக்கு வித்திட்டவளும் அவள்தான்.

எங்கள் தயக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். நான் எப்போதாவது அரை பைன்ட் பீர் அருந்துவேன். மனைவி மதுவைத் தொடுவதில்லை, சைவ உணவுக்காரரும்கூட. பள்ளி மாணவியை அழைத்துக்கொண்டு மது விற்கும் இடத்துக்குள் நுழைவது அங்கே முறையா என்பதும் தெரியவில்லை. ஓடிக்கொண்டே இருக்க விருப்பமில்லை என்பதால் இரண்டு நகரங்கள் போதும். எவ்விரண்டைத் தேர்ந்தெடுப்பது?

கொரிப்கரை

முதல் நகரம் கால்வே என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அங்கே ஓராண்டு படித்தவன் என்பதால் என் சொல்லில் சற்றுப் பாசமும் கலந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

2022 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 86,000 மட்டுமே. ஷாப் ஸ்ட்ரீட்டில் தொடங்கி கீ ஸ்ட்ரீட் வழியாகக் கொரிப் ஆற்றங்கரையின் ஸ்பானிஷ் ஆர்ச் வரை நடக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிட நடைக்குள்ளேயே இசை நடக்கும் பப்கள் பல இருப்பதால், ஒரு வாசலில் கூட்டம் நெரிந்தால் அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். டிக் கோலி என்ற பப்பில் நாள்தோறும் மாலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு செஷன்கள், அதாவது நீங்கள் கேட்கும் மேசையைச் சுற்றிய இசை, நடைபெறுகின்றன. உங்கள் மகளுக்கு அந்த மாலைச் செஷனே பொருத்தமானது. ஆற்றைக் கடந்து சீ ரோடு வரை நடக்க முடிந்தால் கிரேன் பாரையும் பாருங்கள். மையத்தின் சந்தடி அங்கே குறைவு.

கீ ஸ்ட்ரீட்டும் கிராஸ் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில் டீ நாக்டன் என்ற நீல நிறக் கட்டடம் இருக்கிறது. 1894 முதல் பப்பாக நடந்துவரும் இது, அதற்கு முன் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் நகர இல்லமாக இருந்தது. கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1822-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேறச் செய்தவர் அவரே. ‘டீ’, ‘டிக்’ ஆகிய சொற்களுக்கு ஐரிஷ் மொழியில் ‘வீடு’ என்று பொருள். நாக்டனின் வீடு, கோலியின் வீடு. பப் என்ற ஆங்கிலச் சொல்லும் ‘பொது வீடு’ என்பதன் சுருக்கம்தானே! அங்கே உட்காரும்போது வீட்டுக்குரிய நடத்தையை எதிர்பார்க்கிறார்கள் என்று கொண்டால் பல விஷயங்கள் தாமாகவே விளங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. 1954 முதல் நடந்துவரும் சிப்பித் திருவிழா செப்டம்பர் இறுதியில்தான் வரும். அறைகளை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

தெற்குவாசல்

கொரிப்கரையின் பாசத்தைக் கழித்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கால்வேயின் மையப்பகுதியில் செப்டம்பர் மாதத்து மாலையில் உங்கள் அருகில் அமர்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் உங்களைப் போன்றே பெட்டியோடு வந்தவர். கால்வே காட்டுவது விருந்தோம்புவோரின் நட்பு. பக்கத்து வீட்டுக்காரரின் நட்பு வேண்டுமென்றால் கார்க் நகரத்துக்குச் செல்லுங்கள்.

கார்க் மக்கள் தங்கள் ஊரைத்தான் நாட்டின் உண்மையான தலைநகரம் என்பார்கள். பாதி வேடிக்கைப் பேச்சு. மீதிப் பாதியை நீங்கள் மறுத்துப் பேசிப் பார்க்கலாம். குடிக்கும் ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில்கூட டப்ளினின் கின்னஸுக்குப் பணியாத ஊர் அது: 1792-இல் தொடங்கிய பீமிஷ், 1856-இல் தொடங்கிய மர்ஃபீஸ் என இரண்டு சொந்தப் பெயர்கள் அவர்களுக்கு உண்டு. பீமிஷ் ஆலை 2009-இல் மூடப்பட்டு, அந்தப் பானமும் இப்போது மர்ஃபீஸின் ஆலையிலேயே தயாராகிறது. இருந்தாலும் கவுன்டரில் நின்று ‘நீங்கள் பீமிஷ் பக்கமா, மர்ஃபீஸ் பக்கமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரப் பேச்சுக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

செயின்ட் பேட்ரிக்ஸ் ஸ்ட்ரீட்டிலிருந்து இங்கிலிஷ் மார்க்கெட்டுக்குச் செல்லும் ஒடுங்கிய சந்தில் மட்டன் லேன் இன் இருக்கிறது. அந்தச் சந்தை 1788-ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. சந்தின் பெயர் எப்படி வந்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே மெழுகுவத்தி வெளிச்சம், வெளிச்சுவரில் ஊர் இசைக்காரர்களைத் தீட்டிய நெடிய ஓவியம். கோபர்க் ஸ்ட்ரீட்டில் ‘ஷின் ஏ’ என்றொரு பப் உண்டு. ‘அவ்வளவுதான்’ என்பது அதன் பொருள். பக்கத்திலேயே இறுதிச் சடங்கு நிலையம் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். பேச்சுக்காகவே போவதென்றால் படியேறிச் செல்லும் ஹை-பி-க்குப் போங்கள். யாரோ ஒருவருடைய பழைய வரவேற்பறை போல இருக்கும். நெடுங்காலமாகக் கைபேசியை அடியோடு வெறுத்த பப் அது.

கொரிப்கரை

பெட்டியோடு வந்தவர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக வாசிப்பவரின் வில் பொய்யாகிவிடுமா? கால்வேக்கு மேற்கே சில கிலோமீட்டரிலேயே ஐரிஷ் மொழி புழங்கும் ஊர்கள் தொடங்கிவிடுகின்றன. தெற்கே இசைக்குப் பெயர்பெற்ற கிளேர் மாவட்டம் இருக்கிறது. இசைக்காரர்கள் அங்கிருந்தெல்லாம் வருகிறார்கள். கேட்பவர் யாராக இருந்தாலும், வாசிப்பவர்கள் தங்களுக்குள்தான் வாசித்துக்கொள்கிறார்கள்.

லிஃபிநடை

டப்ளினுக்காகப் பேச ஒருவராவது வேண்டும். விமானம் இறங்கும் நகரத்தை, டெம்பிள் பார் என்ற பகுதியில் ஒரு மாலை ஏமாந்த ஒரே காரணத்துக்காக ஒதுக்கிவிடுகிறார்கள்.

டெம்பிள் பாரில் பைன்டின் விலை நகரின் மற்ற இடங்களைவிடக் கணிசமாக அதிகம் என்பது உண்மை. ஒலிபெருக்கியில் கித்தார் வாசித்து, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களையே பாடுவதும் உண்மை. அந்தப் பகுதி பிழைத்த கதையோ சுவையானது. 1980-களில் அங்கே பெரிய பேருந்து நிலையம் கட்ட எண்ணி, அரசின் போக்குவரத்து நிறுவனம் கட்டடங்களை வாங்கியது. இடிக்கும் நாள் வரும்வரை அவற்றைக் குறைந்த வாடகைக்கு விட்டது. ஓவியர்களும் இசைக்காரர்களும் சிறுகடைக்காரர்களும் குடியேறினார்கள். ஊரே விரும்பும் இடமாக அது மாறிவிட, பேருந்து நிலையத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு அந்தப் புகழே வாடகையை ஏற்றிவிட்டது.

இசைக்கு நீங்கள் செல்ல வேண்டியது ஸ்மித்ஃபீல்டில் உள்ள கோபிள்ஸ்டோன் என்ற பப். குடிப் பிரச்சினை உள்ள ஆள் என்று சொல்வதைத் திருப்பிப் போட்டு, ‘இசைப் பிரச்சினை உள்ள குடிக்கடை’ என்று அது தன்னையே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதன் மேலும் சுற்றிலும் ஓட்டல் கட்டும் திட்டம் 2021-இல் வந்தபோது, மக்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். நகராட்சி அனுமதி மறுத்தது.

பேச்சுக்கென்றே ஓரிடம் வேண்டுமானால், கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தின் மதிலை ஒட்டி 1833 முதல் நடக்கும் ஜான் கேவனாஸ் இருக்கிறது. வெட்டியான்களும் அங்கே வந்து குடித்ததால் ‘கிரேவ்டிகர்ஸ்’ என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அங்கே இசையில்லை, தொலைக்காட்சியில்லை, பாடவும் கூடாது.

மழைக்குடை

பயணப்பை அவர்களின் மனைவி எழுதியிருக்க வேண்டிய கேள்விகளுக்கு நான் பதில் எழுதுகிறேன். நானும் மது அருந்தாதவள், இரண்டு முறை தனியாகச் சென்று வந்தவள்.

முதலில் மகளைப் பற்றி. பெற்றோருடன் வரும் சிறுவர்களைப் பப்புக்குள் அனுமதிக்கிறார்கள். பகலிலும் மாலையிலும் குடும்பமாக உணவுண்பது அங்கே இயல்பான காட்சி. 2004 மார்ச் 29 அன்று, வேலையிடங்கள் அனைத்திலும் புகைப்பதைத் தடைசெய்த முதல் நாடாக அயர்லாந்து ஆனதிலிருந்து உள்ளே புகையும் கிடையாது. ஆனால் 18 வயது நிரம்பாதவர்கள் இரவு 9 மணிக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் மட்டும் அந்த வரம்பு 10 மணி. உங்கள் பயணத்தின் நடுவில் மாதம் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். செப்டம்பரில் உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தை, எந்த ஊரில் செஷன் அதிகமோ அங்கே செலவிடுங்கள்.

அடுத்தது பானம். ‘மினரல்’ என்று கேட்டால் கனிமநீரை நினைத்துக்கொள்ளாதீர்கள். சோடா வகைக் குளிர்பானங்கள் அனைத்துக்கும் அங்கே அதுதான் பெயர். மதுச்சத்தில்லாத கின்னஸும் பல பப்களில் கிடைக்கிறது. சைவர்களுக்கு இன்னொரு செய்தி: பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், கின்னஸ் ஆலை கடந்த பத்தாண்டில் அதைக் கைவிட்டுவிட்டது. உணவில்தான் கவனம் தேவை. அன்றைய சூப் காய்கறிச் சூப்பாக இருந்தாலும் கோழிச்சாற்றில் கொதித்திருக்கலாம், கேட்டுவிடுங்கள். சமையலறையை இரவு 9 மணி அளவில் மூடிவிடுவார்கள்.

மூன்றாவது, யாரும் எழுதாமலே நடக்கும் சட்டமான ரவுண்டு. நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருந்தால் ஒருவர் எழுந்துபோய் நால்வருக்கும் வாங்கி வருவார்; அடுத்த முறை இன்னொருவர். உங்களுக்கு ஒருவர் எலுமிச்சைச் சோடா வாங்கித் தந்தாலும் நீங்கள் அந்தச் சுற்றில் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் முறை வரும்முன் எழுந்து போனால் அது நினைவில் வைக்கப்படும். சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் ‘இன்று நான் ரவுண்டில் இல்லை’ என்று முதலிலேயே சொல்லிவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேசைக்கு யாரும் வந்து கேட்காத இடத்தில், கவுன்டருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்பதாலேயே அந்நியரோடு தோள் உரசி நிற்க நேர்கிறது. பேச்சும் அங்கிருந்துதான் பிறக்கிறது. அவர்களுடைய சுபாவத்தைப் புகழ்பவர்கள் இந்த ஏற்பாட்டையும் கொஞ்சம் புகழலாம்.

இந்த நட்பு பெண்களுக்கு எப்போதும் கிடைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பப்களில் கவுன்டரை ஒட்டி, கதவும் சிறு திறப்புமாக ‘ஸ்னக்’ என்ற மர அறை இருக்கும். டப்ளினின் கீஹோஸ் பப்பில் இன்றும் பார்க்கலாம். கண்ணில் படாமல் குடிக்க விரும்பிய பெண்களும் பாதிரியார்களும் அதற்குள் அமர்ந்தார்கள். 1970-களில்கூடப் பெண்களுக்கு முழு பைன்ட் தர மறுத்த பப்கள் இருந்தன. பத்திரிகையாளர் நெல் மக்காஃபர்ட்டி உள்ளிட்ட பெண்கள் அத்தகைய ஒரு பப்புக்குக் கூட்டமாகச் சென்று, ஆளுக்கொரு பிராந்தி வாங்கி, கடைசியில் ஒரே ஒரு பைன்ட் கேட்டார்கள். பைன்ட் மறுக்கப்பட்டதும், ‘அப்படியானால் பிராந்திக்கும் பணமில்லை’ என்று சொல்லிவிட்டு வெளியேறினார்கள். இன்று நான் தனியாகக் கவுன்டரில் அமர்ந்து சோடா குடித்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லைக்கோடு

பெல்ஃபாஸ்டின் கிரவுன் பாரை யாரும் குறிப்பிடவில்லையே? எரிவாயு விளக்குகளும், பணியாளரை அழைக்க மணி பொருத்திய ஸ்னக்குகளும் கொண்ட அந்த விக்டோரியா காலத்துப் பப்பை 1978 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பாதுகாத்து வருகிறது. ஆனால் பெல்ஃபாஸ்ட் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டில் செல்வோர் தங்கள் ஐரிஷ் விசாவில் இரு நாட்டுக்கும் பொதுவான திட்டத்தின் குறியீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்ட பின்னரே ரயில் ஏற வேண்டும்.

வில்லும்தந்தியும்

நான் மேற்கத்திய வயலின் வாசிப்பவன். டப்ளினில் வேலை பார்த்த மூன்றாண்டுகளில் செஷன்களின் ஓரத்தில் அமரக் கற்றுக்கொண்டவன். உங்கள் மகள் வருகிறாள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செஷன் என்பது கச்சேரியல்ல. பெரும்பாலான மெட்டுகள் எட்டு எட்டு அளவுகள் கொண்ட இரண்டு பகுதிகளால் ஆனவை. ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசிப்பார்கள். முழு மெட்டையும் இரண்டு மூன்று தடவை சுற்றிவிட்டு, நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். அந்தத் தாவலுக்கு முன் ஒருவர் தலையை உயர்த்துவார், அல்லது ‘ஹப்!’ என்பார். சைகை அவ்வளவுதான். எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்கள்; சுருதிப் பின்னணியும் தாளமும் துணைக்கு இருக்கும். மெட்டைத் தாண்டிய நீண்ட கற்பனைக்கு அங்கே இடமில்லை, ஆனால் ஒரு சுரத்தைத் தட்டி உருட்டும் சின்ன அலங்காரத்தில் ஒவ்வொருவரின் ஊரும் தெரிந்துவிடும். ஜிக் என்றால் திஸ்ர நடையில், அதாவது மும்மூன்றாக, இரண்டு எண்ணிக்கை. ஸ்லிப் ஜிக் என்றால் மூன்று எண்ணிக்கை, அதாவது ஒன்பது. ரீல் நாலு நாலாக ஓடும்.

இல்லியன் பைப்ஸ் என்ற குழலைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். வாயால் ஊதுவதில்லை, முழங்கையின் அடியில் துருத்தியை இடுக்கிக் காற்றடிக்கிறார்கள். ‘இல்லின்’ என்பதே முழங்கையைக் குறிக்கும் சொல். அந்த வாசிப்பு மரபை 2017-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இப்போது நடத்தை. மூலையில் ஆளில்லாத இருக்கையும் அதன் முன் பாதி நிரம்பிய கோப்பையும் தெரிந்தால் அது இசைக்காரருக்கு உரியது, அமராதீர்கள். மெட்டு ஓடும்போது மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் ஒருவர் துணையில்லாமல் தனிக்குரலில் பாடத் தொடங்கிவிட்டால் கவுன்டரில் கண்ணாடிக் கோப்பை மோதும் ஓசைகூட நின்றுவிடும். கையில் கஞ்சிரா இருந்தாலும், தானாகப் போய்ச் சேர்ந்து தட்டாதீர்கள். போரான் என்ற அவர்களுடைய கைப்பறையே ஒரு செஷனுக்கு ஒன்றுக்கு மேல் போனால் முகம் சுளிக்கிறார்கள்.

கால்வே வேடமா உண்மையா என்ற விவாதத்துக்கு ஒரு தகவல். பல பப்களில் இரண்டு அல்லது மூன்று இசைக்காரர்களுக்கு நிர்வாகம் பணம் தருகிறது. அவர்கள் குறித்த நேரத்துக்கு வந்து செஷனைத் தொடங்கி வைப்பார்கள். மற்றவர்கள் தாமாக வந்து சேர்வார்கள். கால்வேயிலும் இப்படித்தான், கார்க்கிலும் இப்படித்தான். எனவே தெற்குவாசல் சொல்லும் வேறுபாடு கேட்பவர்களிடம்தான் இருக்கிறது, வாசிப்பவர்களிடம் இல்லை.

தெற்குவாசல்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் பேசப் போகிறவன், கேட்கப் போகிறவனல்ல, எனக்குக் கார்க்தான்.

பயணப்பை

அனைவருக்கும் நன்றி. மழைக்குடை அம்மா சொன்ன 10 மணிக் கணக்கை வைத்தே திட்டத்தை முடிவுசெய்தோம்: செப்டம்பர் இரவுகள் கால்வேக்கு, அக்டோபர் இரவுகள் கார்க்குக்கு, கடைசி ஓரிரவு டப்ளினுக்கு. பெல்ஃபாஸ்டை விட்டுவிட்டோம். திரும்பி வந்ததும் எழுதுகிறேன்.

பயணப்பை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

திரும்பி வந்துவிட்டோம். எழுதுவதாகச் சொன்ன கடனைத் தீர்க்கிறேன்.

முதலில் என் தவறு. கால்வேயில் முதல் மாலையே, இவ்வளவு தெளிவாக எச்சரித்திருந்தும், மூலையில் இருந்த நல்ல இருக்கையில் அமர்ந்துவிட்டேன். பாதிக் கோப்பையைப் பார்த்தேன். யாரோ விட்டுச் சென்றது என்று எண்ணினேன். பெஞ்சின் அடியில் வயலின் பெட்டி இருந்ததைக் குனிந்து காட்டியவள் மகள்தான். புகைக்க வெளியே போயிருந்த அந்தப் பெரியவர் திரும்பி வந்து, நான் எழுந்ததைப் பார்த்துவிட்டு, ‘சூடாக வைத்திருந்ததற்கு நன்றி’ என்றார். அதற்குப் பிறகு மூன்று மாலைகளும் எங்களைத் தலையசைத்து வரவேற்றார்.

மகளுக்கு முதலில் வியப்பளித்தது இசையல்ல, வயலினைப் பிடித்த விதம். பாதத்தில் தலைப்பகுதியை ஊன்றித் தரையில் அமர்ந்து வாசித்துப் பழகியவள் அவள். அங்கே ஒருவர் தாடையைத் தொடாமல் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். இரண்டாம் நாள் ஒரு ஸ்லிப் ஜிக் வந்தபோது அவள் தொடையில் மூன்று தட்டுத் தட்டிக் கணக்குப் போட்டாள். அதைக் கவனித்துவிட்ட பெரியவர், நீயும் வாசிப்பாயா என்று கேட்டார். வாசிப்பேன், ஆனால் உங்கள் மெட்டு ஒன்றும் தெரியாது என்றாள். அப்படியானால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா என்று அந்த மெட்டின் பெயரை ஒரு பீர் அட்டையின் பின்புறம் எழுதித் தந்தார். வாசித்துக் காட்டு என்று அவர் வற்புறுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 30 அன்று இரவு 9:50-க்கு ஒரு மூதாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷில் பாடத் தொடங்கினார். வில்லும்தந்தியும் எழுதியிருந்த அமைதியை நேரில் கண்டோம். பல பத்திகள் கொண்ட நெடும்பாட்டு. பணியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினார். பாட்டு முடிந்ததும் நாங்களாகவே எழுந்துகொண்டோம். மணியை நான் பார்க்கவில்லை.

கால்வேயிலிருந்து கார்க்குக்கு லிமெரிக் வழியாகப் பேருந்தில் நாலு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. தெற்குவாசல் சொன்ன பீமிஷ், மர்ஃபீஸ் கேள்வியைக் கேட்டேன். கிடைத்த பதில் அரை மணி நேரமல்ல, ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. இடையில் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவரையொருவர் மறுத்தார்கள். மூன்றாவது ஆள் என் மனைவியிடம், ‘இவர்களை விடுங்கள், தேநீர்தான் சரி’ என்று சொல்லி, தன் ரவுண்டில் அவருக்கு ஒரு குவளைத் தேநீர் வாங்கி வந்தார். மனைவி அடுத்த ரவுண்டை வாங்கினார். வாழ்வில் முதன்முறையாக மூன்று பைன்ட் ஸ்டவுட்டுக்கு அவர் பணம் கொடுத்ததை இங்கே பதிவு செய்யச் சொல்கிறார். நுரை அடங்குவதற்காக முக்கால்வாசி ஊற்றிவிட்டுக் கோப்பையை நிற்க வைக்கிறார்களே, அதை முடிந்துவிட்டதென்று எண்ணி எடுக்கப் போனதையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.

ஆக, கொரிப்கரையும் தெற்குவாசலும் சொன்னவை இரண்டுமே எங்களுக்குப் பொருந்தின. கேட்டது கால்வேயில், பேசியது கார்க்கில். டப்ளினில் ஒரே ஒரு மாலைதான் இருந்ததால் கோபிள்ஸ்டோனுக்குச் சென்றோம்; நிற்கத்தான் இடம் கிடைத்தது.

அங்கேதான் மகளுக்கு ஒரு வருத்தம். பீர் அட்டையில் எழுதித் தந்த அந்த மெட்டின் முதல் பகுதியை அவள் கார்க்கின் விடுதியறையில் வாயால் பாடிப் பாடி மனப்பாடம் செய்திருந்தாள். கோபிள்ஸ்டோனில் அதையே தொடங்கினார்கள், 8:55-க்கு. அக்டோபர் பிறந்துவிட்டதே. இரண்டாம் சுற்றின் நடுவில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தோம். சன்னலுக்கு வெளியே தெருவில் நின்று மூன்றாம் சுற்றையும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். இனி 18 வயது முடிந்த பிறகுதான் அயர்லாந்துக்கு வருவாளாம். அதுவரை எங்களையும் போகக் கூடாது என்கிறாள்.